பாலன் வராத வாசல்

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவன் நான். எனக்கு உலகத்தில் இரண்டே விஷயம்தான். வண்டி வந்தது, இல்லையென்றால் வரவில்லை. வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது என்று எவனாவது ஜன்னலுக்கு வெளியே நின்று இழுத்தால் அவனை ஒதுங்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். பேய், காத்து, கருப்பு என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் தெருவில் ஒரு மருமகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வேள ஒழுங்கா சோறு போடுங்க, பேய் தன்னால எறங்கும்" என்று சொல்லி அவள் மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டுக் கடைசிவரை கேளுங்கள், அது போதும்.

எங்கள் தெரு திருச்சி டவுனில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. நாற்பது வீடு இருக்கும், எல்லாரும் வேதக்காரர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று சாயங்காலமும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் பாலன் ஏசுவின் சுரூபம் ஒன்று இருந்தது. மரத்தில் செய்தது, ஒரு முழ நீளம், இடது கால் கட்டைவிரல் எப்போதோ உடைந்துபோயிருந்தது. அதை மூங்கில் கூடையில் புது வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, ஆர்மோனியம், டோலக், பெட்ரோமாக்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். வாசலில் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். அந்த வீட்டுக்காரி குளித்து முக்காடு போட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நிற்பாள். கூடை தூக்குகிறவன் பாலனை எடுத்து அந்த முந்தானையில் வைக்க வேண்டும். அவள் உள்ளே கொண்டுபோய் அடுப்படி, தொட்டில், படுக்கை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கொடுக்கும்போது கூடையிலிருந்து ஐந்து தாள் வைக்கோல் உருவிக்கொண்டு போய் நிலைப்படிக்கு மேலே செருகிவைப்பாள். அடுத்த வருஷம்வரை அது அங்கேயே இருக்கும். பாலன் வந்துபோன வீட்டில் தொட்டில் காலியாக இருக்காது என்று பெண்கள் சொல்வார்கள். வாங்குகிற பெண் பேசக் கூடாது, கொடுக்கிறவன் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடை தூக்குகிறவன் நான். பாட்டுக் கூட்டத்துக்குத் தலைவர் சவரிமுத்து அண்ணன், கோயிலில் மணியடிப்பது, பீடம் துடைப்பது எல்லாம் அவர்தான். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசித்தபடியே நடப்பார். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குளம், அதை ஒட்டிக் குளத்துத் தெரு. அவர்களும் வேதக்காரர்கள்தான், அதே கோயில், அதே பூசை. ஆனால் சாதி வேறு. கோயிலுக்குள்ளேயே நடுவில் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது, அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கல்லறையில்கூட நடுவே சுவர் உண்டு. பாலன் அந்தத் தெருவுக்குள் போக மாட்டார். மூன்றாம் நாள் கடைசியாகத் தெருமுனையில் நின்று ஒரே ஒரு பாட்டுப் பாடுவோம். அங்கே ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது, பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்த யாருக்கோ வைத்தது. கூடையிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து அந்தக் கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். நாங்கள் போனபிறகு அவர்கள் வந்து ஆளுக்கு இரண்டு தாள் எடுத்துக்கொள்வார்கள். இதை நான் தப்பென்று நினைத்ததே இல்லை. நிஜத்தைச் சொன்னால், அவர்களுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன்காரன் சண்டை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. ரயில்வே வேலை கிடைத்து, கல்யாணமும் பேசி முடித்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறேன், குளத்துத் தெருப் பெண் ஒருத்தி தள்ளி நின்று கூப்பிட்டாள். பெயர் சலேத்தம்மாள். சுருட்டுக் கம்பெனியில் புகையிலைக்குக் காம்பு கிள்ளுகிற வேலை. பத்தடி தள்ளி நின்றாலும் அந்தப் பச்சைப் புகையிலை வாசனை அடித்தது.

"ஐயா, நீங்கதானே பாலனத் தூக்கிட்டு வர்றவங்க?"

"ஆமா, என்ன?"

"மூணு புள்ளைய மண்ணுல வெச்சிட்டேங்க. இது நாலாவது, ரெண்டு மாசமாச்சு, பால் குடிக்க மாட்டேங்குது. பாலன் ஒரே ஒரு தடவ எங்க வீட்டுக்குள்ள வந்துட்டுப் போவட்டுங்க. முனையிலேருந்து அஞ்சாவது வீடு."

எனக்கு மனசு இளகிவிட்டது. அதோடு, என்னைப் போய் ஒருத்தி இப்படிக் கேட்கிறாளே என்று ஒரு பெருமையும் வந்துவிட்டது. பெருமை வந்தால் நாக்கு நிற்காது எனக்கு. "சரி, வெளக்கேத்தி வை, வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். "நெசமாங்களா?" என்று கேட்டாள். "வர்றேன்னு சொன்னா வருவேன்" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். எப்படிப் போவேன், யாரிடம் கேட்பேன் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை.

பாட்டின் மூன்றாம் நாள் சாயங்காலம், மணி ஏழுகூட ஆகியிருக்காது, குளத்துத் தெரு முனைக்கு வந்தோம். பார்த்தால் தெரு முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கிறது. எல்லா வாசலிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஐந்தாவது வீட்டில் விளக்கு எரிகிறது. சலேத்து வீட்டு வாசலில்கூட நிற்கவில்லை, பாதித் தெரு வந்து, குளித்த தலையில் முக்காடு போட்டு, முந்தானையை விரித்தபடி நின்றாள். நான் அந்தச் சுமைதாங்கிக் கல்லைத் தாண்டி இரண்டு அடி வைத்தேன். பின்னால் ஆர்மோனியம் நின்றுவிட்டது.

"அந்தோணி, எங்க போற?" என்றார் சவரிமுத்து அண்ணன்.

"ஒரு வீடுதாண்ணே. கொழந்தைக்கு முடியலையாம்."

"போ, தாராளமா போ. அப்புறம் அந்தக் கூடைய நம்ம தெருவுல எவ வாங்குறான்னு பாத்துடலாம். உனக்குப் பொண்ணு குடுக்கிறவங்க மொதல்ல வாங்குவாங்களான்னு கேட்டுக்க."

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வைத்த இரண்டு அடியைப் பின்னால் எடுத்தேன். கூடையிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்துக் கல்மேல் வைத்தேன். அதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்கப்புறம் செய்ததுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. அவள் "ஐயா, நீங்க வர்றேன்னு சொன்னீங்க" என்று கூப்பிட்டபோது, அவளை முன்னே பின்னே பார்த்தே இராதவன் மாதிரி பெட்ரோமாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண் வீட்டுக்காரர்களில் ஒருவர் கூட்டத்தில் இருந்தார், அவர் பார்க்கிறாரே என்று.

அவள் அழவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. "விரிச்ச முந்தானைய நான் மடக்க மாட்டேன், கேட்டுக்கங்க. வாங்கிட்டுத்தான் மடக்குவேன்" என்று மட்டும் சொன்னாள். சவரிமுத்து அண்ணன் பாட்டைப் பெரிதாக எடுத்தார். அந்த வருஷம் கல்மேல் வைத்த வைக்கோலை அந்தத் தெருவில் ஒருத்தரும் எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாங்கள் கிறிஸ்துமஸ் பூசையில் இருந்தபோது அந்தக் குழந்தை போய்விட்டது. தை பிறந்து பத்து நாளுக்குள் சலேத்தும் போய்விட்டாள். சாப்பிடவே இல்லையாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருவில் வந்து முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பாளாம், அவள் புருஷன் மிக்கேல் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவானாம். சுவருக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. டியூட்டி என்று சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. திரேசா நல்ல பெண், சிரித்த முகம், ஆனால் ஒன்று மனசில் பட்டால் விட மாட்டாள். டிசம்பரில் அவளுக்கு மூன்று மாதம். இந்த வருஷம் பாலனை வாங்கப்போகிறோம் என்று ஒரு வாரமாகவே குதித்துக்கொண்டிருந்தாள். புதுப்புடவை எடுத்து வைத்து, போன வருஷத்து வைக்கோலை நிலைப்படியிலிருந்து எடுத்துப் பால் அடுப்பில் போட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் எங்கள் வீட்டு முறை. பக்கத்து வீடு முடிந்து எங்கள் வாசலுக்கு வந்தோம். விளக்கு எரிந்தது. திரேசா முக்காடு போட்டு முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டில், என் பெண்டாட்டி கையில், நானே பாலனை வைக்கிறேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வழக்கப்படி முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள், சுற்றினாள், திருப்பிக் கொடுத்தாள். வைக்கோல் உருவிக்கொண்டாள். நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனோம். நாலைந்து வீடு தள்ளிப் போனபிறகு சவரிமுத்து அண்ணன் துணியை மோந்து பார்த்து, "எந்த வீட்டுலய்யா சுருட்டு பிடிக்கிறாங்க, பாலன் மேலயே நாறுது" என்று சலித்துக்கொண்டார். நானும் மோந்து பார்த்தேன். புகைந்த சுருட்டு வாசனை இல்லை அது, பச்சைப் புகையிலை.

வீட்டுக்கு வந்தால் விளக்கு அணைந்திருக்கிறது, திரேசா வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?"

"என்ன ஒளர்ற? நான்தானே உன் கையில குடுத்தேன்."

"நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல. பக்கத்து வீட்டுல பாட்டு கேட்டுச்சு, அப்புறம் அடுத்த வீட்டுல கேட்டுச்சு. நடுவுல நம்ம வீட்டுக்கு வரவே இல்லியே. நீங்க தூக்கிட்டுப் போனதக்கூட நான் பாக்கலங்க."

நிமிர்ந்து நிலைப்படிக்கு மேலே பார்த்தேன். ஒரு தாள் வைக்கோல் இல்லை. அவளுக்கு மசக்கை, அசந்து தூங்கியிருப்பாள் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூங்கினவள் எழுந்து வந்து எப்படி வாங்கினாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. தை மாதத்தில் அந்தக் கரு கலைந்துவிட்டது.

அதற்குப்பிறகு நான் கூடை தூக்கவில்லை. அடுத்த இரண்டு டிசம்பரிலும் அந்தச் சாயங்காலங்களுக்கு வேண்டுமென்றே டியூட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டேன். திரேசா மட்டும் விளக்கேற்றி உட்காருவாள். இரண்டு வருஷமும் யாரும் வரவில்லை என்றாள். இரண்டு வருஷமும் வந்து கொடுத்துவிட்டுத்தான் போனோம் என்று பாட்டுக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று நாள் இருந்தது. மூன்றாவது சத்தமே இல்லாமல் பிறந்தது. இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேனே என்று பார்க்காதீர்கள், மெதுவாகச் சொல்ல என்னால் முடியாது.

அப்புறம் மாற்றல் கேட்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ஆற்றைத் தாண்டினால் அவள் வர மாட்டாள் என்று நினைத்தேனா? நான் எதையும் நம்பாதவன் ஆயிற்றே, அப்படியெல்லாம் நினைக்கவில்லை என்றுதான் அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஸ்டேஷனை ஒட்டி ரயில்வே வீடு, பக்கத்து வீட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் அய்யங்கார், அவர் வீட்டு மாமி. மார்கழி பிறந்தால் விடிவதற்கு முன்னால் திருப்பாவை கேட்கும். ஏகாதசிக்கு ஸ்பெஷல் வண்டி விட ஆரம்பித்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எங்கள் ஆட்கள் அங்கே ஒரு வீடுகூடக் கிடையாது, பாட்டுக் கூட்டமும் கிடையாது. திரேசாவுக்கு நாலாவது, ஆறு மாதம். ஜப்பான்காரன் சண்டையில் குதித்த டிசம்பர் அது.

"இந்தத் தடவ பாலன் வந்தே ஆகணும்" என்று திரேசா பிடிவாதம் பிடித்தாள். நான் போய்ச் சவரிமுத்து அண்ணனைக் கேட்டேன். பழைய கூடைக்காரன் என்ற மரியாதைக்கு ஒப்புக்கொண்டார். ஜட்கா வைத்துக்கொண்டு பாலம் தாண்டி இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் முதல் ஆளாக உன் வீட்டுக்கே வருகிறோம் என்றார்.

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன். ஐந்தரை மணிக்கே வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். விளக்கை நானே ஏற்றினேன். திரேசா எனக்குப் பின்னால் உள்ளே பாயில் சாய்ந்திருந்தாள், கூப்பிட்டதும் எழுந்து வருகிறேன் என்றாள். இந்தத் தடவை தூங்கிவிட்டாள், மயங்கிவிட்டாள் என்ற கதையெல்லாம் கிடையாது, நானே பார்க்கப்போகிறேன். தண்ணீர் குடிக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை. நம்பினால் நம்புங்கள். ஆறு மணி பாசஞ்சர் வந்தது, போனது. ஏழு மணிக்குக் கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. எட்டு. ஒன்பது. தெருவில் போன நாய்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜட்கா வரவில்லை, ஆர்மோனியம் வரவில்லை, ஒரு ஆள் வரவில்லை. எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணைந்தது.

எனக்குச் சவரிமுத்து மேல் அப்படி ஒரு கோபம். காலையில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று சட்டையை மாட்டுகிறேன், பக்கத்து வீட்டு மாமி கொல்லைப்பக்கம் திரேசாவோடு பேசுவது காதில் விழுந்தது.

"ஏண்டீம்மா தெரேசா, நேத்திக்கு சாயந்தரம் உங்காத்து வாசல்ல பாட்டு அமர்க்களப்பட்டுதே! எங்காத்துக்காரர்கூட ஜன்னலண்ட நின்னுண்டு கேட்டார். நீ முக்காட்டைப் போட்டுண்டு, தலைப்பை விரிச்சுண்டு என்னத்தையோ வாங்கிண்டு போனயே, என்னது, பெருமாள் விக்ரகமா?"

திரேசாவின் பதில் எனக்குக் கேட்கவில்லை. அந்த மாமிக்கு எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது, பொய் சொல்ல வேண்டிய அவசியமும் கிடையாது. பாலம் தாண்டி ஓடினேன். சவரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்ததும் அவராகவே பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, அவ்ளோ தூரம் வந்து பாடுறோம், வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு எங்கள ஏறிட்டுக்கூடப் பாக்கல நீ. யாரோ எவரோங்கிற மாதிரி வெளக்கையே பாத்துக்கிட்டு இருக்க. உன் பெஞ்சாதிதான் உன்னத் தாண்டி வந்து வாங்கிட்டுப் போச்சு. அவ்ளோ ஆயிடுச்சா உனக்கு?"

விளக்கையே பார்த்துக்கொண்டு என்று அவர் சொன்னதும் அந்தப் பெட்ரோமாக்ஸ்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்படியே அங்கே உட்கார்ந்து குளத்துத் தெருக் கதையை, நான் கொடுத்த வாக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. கூடையில் கிடந்த துணியை எடுத்து மோந்து பார்த்தார், என்னிடம் நீட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து திரேசாவிடமும் சொன்னேன். நாலு வருஷமாக அவளிடம் மறைத்து வைத்திருந்தது. அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம் புள்ளைங்க மூணும் உங்க வாயாலதான் போச்சா?" என்று கேட்டாள். அப்புறம், "போங்க. போயி அவ கால்ல விழுங்க. செத்தவ காலா இருந்தா என்ன, போயி விழுங்க" என்று கதவைக் காட்டினாள்.

அன்று இருபத்துநாலாம் தேதி, மத்தியானம் மூன்று மணி. மறுபடி பாலம் தாண்டிப் போனேன், சவரிமுத்து கூடையை எடுத்துக் கொடுத்தார். பட்டப்பகலில், பாட்டில்லாமல், தனி ஆளாகப் பாலனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுமைதாங்கிக் கல்லைத் தாண்டினேன். ஐந்தாவது வீட்டில் மிக்கேல் வெளியே வந்து வாசலை மறித்து நின்றான்.

"நாலு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க" என்றான்.

"தப்புப் பண்ணிட்டேன் மிக்கேல். ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போறேன்."

அவன் நிலைப்படிக்கு மேலே கையைக் காட்டினான். கூரைக்கும் நிலைக்கும் நடுவில் வரிசையாக நாலு கற்றை வைக்கோல் செருகியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து தாள். மூன்று பழுத்துப்போயிருந்தன, கடைசிக் கற்றை அப்போதுதான் வைத்த மாதிரி மஞ்சளாக இருந்தது.

"வருசா வருசம் உங்க தெருவுல பாட்டு நடக்குற நாளுல இது வந்துடுது. இப்பக்கூட நேத்து வந்துச்சு. நீங்கதான் மனசு கேக்காம ஆள் விட்டு வெக்கிறீங்கன்னு நெனச்சேன். நீங்க இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் கையை உயர்த்தி அந்தக் கடைசிக் கற்றையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் என்மேல் இரக்கம் துளிகூட இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை.

"அப்பன்னா அவளே வாங்கிக்கிறா. நல்லது. நீங்க உள்ள வர வேணாங்க, வாங்குறதுக்கும் ஆள் இல்ல, பாக்குறதுக்குப் புள்ளையும் இல்ல. வழக்கம்போல முனையில நின்னு ஒரு பாட்டுப் பாடிட்டுப் போங்க."

கெஞ்சினேன். திரேசாவுக்கு ஆறு மாதம் என்றேன். "சலேத்துக்கு ரெண்டு மாசப் புள்ள இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவன் கதவைச் சாத்தினான். தெருவில் மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கூடையோடு முனைக்கு வந்து, கல் பக்கத்தில் நின்று, உடைந்த குரலில் ஒரு பாட்டு முழுக்கப் பாடினேன். கேட்க ஒருத்தரும் இல்லை. வைக்கோலைக் கல்மேல் வைக்கக் கை வரவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம், நல்ல தலைமுடி. வைகாசியில் பால் குடிக்க மாட்டேன் என்றது. இரண்டு மாதம் இருந்தது, ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குமேல் எங்களுக்குப் பிள்ளை இல்லை.

திரேசா என்னை விட்டுப் போகவில்லை, கடைசிவரை சமைத்துப் போட்டாள், ஆனால் டிசம்பரில் அந்த மூன்று நாள் மட்டும் என்னோடு பேச மாட்டாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் ரிட்டயராகி இங்கேயே ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறேன். இப்போது இந்தப் பக்கமும் வேதக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்துவிட்டார்கள். பாட்டுக் கூட்டமும் வருகிறது, வேனில் மைக் கட்டிக்கொண்டு, பேண்ட் போட்ட பையன்கள். அவர்களுக்குக் குளத்துத் தெருவும் தெரியாது, பழைய கதையும் தெரியாது. அந்தத் தெருவே இப்போது இல்லை, குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டிவிட்டார்கள். இருந்தாலும் வருஷா வருஷம் நான் விளக்கேற்றி வைத்து நாற்காலி போட்டு உட்காருகிறேன். யாரும் வருவதில்லை. காலையில் கேட்டால் வந்தோமே என்கிறார்கள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் நான் கேட்காமலேயே அந்தக் கூட்டத்துப் பையன் ஒருவன் கடைத்தெருவில் என்னை நிறுத்தினான்.

"தாத்தா, ஒங்க வீட்டுல அந்தம்மாவுக்கு எங்க மேல ஏதும் வருத்தங்களா?"

"எந்தம்மா?"

"பாலன வாங்குவாங்களே, முக்காடு போட்டவங்க. எல்லா வீட்டுலயும் பாலனத் திருப்பிக் குடுத்துட்டா உள்ள போயிடுவாங்க. இவங்க திருப்பிக் குடுத்தப்பறமும் முந்தானைய விரிச்சபடியே நின்னாங்க தாத்தா. வேற ஏதாச்சும் குடுக்கணுமோன்னு எங்களுக்குத் தெரியல. வேன் கெளம்புற வரைக்கும் மடக்கவே இல்ல. எங்களக்கூடப் பாக்கல, நாற்காலியில உக்காந்திருந்த ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க."

வீட்டுக்கு வந்தேன். நான் வெற்றிலைகூடப் போடாதவன். வாசலில் கிடந்த அந்த நாற்காலியின் கைப்பிடியில் பச்சைப் புகையிலை வாசனை இருந்தது, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், இன்றுவரை போகவில்லை. இந்த வருஷத்துக்கும் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.